கம்பி வலைக்கு இரு பக்கம்

மெய்யம்மை நடத்திய மடத்தில் பாலைவன எலிகள் இருந்தன. ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தை மூடியபோது, யாரும் கேட்காததால் அவர் வாங்கி வந்தவை.

அவருடைய சீடர் திருவேங்கடத்துக்கு அவரைவிடப் பத்து வயது கூடுதல். தம்பியோடு பேசி ஒன்பது வருடமாகிறது. இப்போது தம்பி, "வந்துட்டுப் போ" என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

"போனதும் முதல்ல என்னம்மா பேசறது? தப்பாப் பேசிட்டா இதோட முடிஞ்சிடும்."

மெய்யம்மை ஒரு கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். நடுவே கம்பி வலை. ஒரு பக்கம், இணையை இழந்த ஆண் எலி. மறுபக்கம், புதிதாக வந்த பெண்.

"இதுங்களைச் சேர்த்து வெச்சிட்டுப் போங்க. தினம் காலையில பக்கம் மாத்தி விடணும். அவ்வளவுதான்."

"வலையை எடுத்துட்டா?"

"இன்னைக்கு எடுத்தா கடிச்சுக்கிட்டு ஒண்ணு செத்துடும். எட்டாம் நாள் எடுக்கலாம்."

திருவேங்கடம் மாற்றி விட்டார். அது புரண்ட மணலில் இது படுத்தது. இது குடைந்த வைக்கோலில் அது. முதலில் மிரண்டு பின்காலால் தரையைத் தட்டின. பிறகு தட்டவில்லை.

ஏழாம் நாள், நல்ல காரியமாயிற்றே என்று பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவினார். புது மணல் கொட்டினார். எலிகளுக்குக் கொஞ்சம் வாசனைப் பவுடரும் போட்டார்.

மறுநாள் வலையை எடுத்ததும் இரண்டும் கடித்துக்கொண்டு உருண்டன. மெய்யம்மை கையுறையோடு பிரித்தார். பெண்ணின் வாலில் ரத்தம்.

"கழுவினீங்களா?"

"அழுக்கா இருந்துச்சும்மா."

"ஒண்ணோட வாசனை இன்னொண்ணுக்குப் பழகின ஏழு நாளையும் கழுவிட்டீங்க. பவுடர் வேறயா?"

"கொஞ்சந்தான்."

மெய்யம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பொண்ணு பார்க்க வர்றாங்கன்னு நினைச்சீங்களாக்கும். ஒண்ணுல இருந்து ஆரம்பிங்க."

"தம்பி காத்திருப்பானே."

"ஒன்பது வருஷம் இருந்தவர்தானே, இருப்பார்."

மறுபடியும் எட்டு நாள். வலை போனது. ஆண் முகர்ந்தது. பெண்ணும் முகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒரே குழிக்குள் போய், ஒன்றின் மேல் ஒன்று தலைவைத்துத் தூங்கின.

திருவேங்கடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"கிளம்பறேன். என்ன பேசறதுன்னு நீங்க இன்னும் சொல்லலையே."

"வெயில்ல போறீங்க. முகம் கழுவத் தண்ணி கொடுப்பாங்க. துடைக்கிறதுக்கு, தம்பி தோள்ல கிடக்கிற துண்டைக் கேளுங்க."