மொட்டைப் பாறைக் களஞ்சியம்

பாளையத்துப் படையில் தவணை முடிந்து ஈட்டிக்காரன் சடையாண்டி மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது தளவாய் திருமலைக்கொழுந்து ஓடி வந்தார். படையில் ஆள் பஞ்சம்.

"இன்னொரு தவணை இருடா! நெல் களஞ்சியத்துக்குக் காவல் போடுறேன். நிழல்ல நிக்கிற வேலை!"

சடையாண்டி அவர் நீட்டிய வெற்றிலையை வாங்கிக்கொண்டான். அந்தப் படையில் வெற்றிலையைக் கைநீட்டி வாங்கிவிட்டால் அப்புறம் மாட்டேன் என்கிற பேச்சே கிடையாது.

மறுநாள் அவனைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் மொட்டைப் பாறை. காக்கைகூட உட்காராத வெயில்.

"களஞ்சியம் எங்கே சாமி?"

"இனிமேதான் கட்டணும். அதுவரைக்கும் இருக்கிறதா நினைச்சுக் காவல் இரு. வெற்றிலை வாங்கினவன் வாயாடாதே!"

கொஞ்ச நாளில் பாளையக்காரர் தளவாயோடு அந்தப் பக்கம் வேட்டைக்கு வந்தார். பாறை உச்சியில் ஈட்டி நட்டிருந்தது. அதன்மேல் தலைப்பாகை. சடையாண்டியோ கீழே புளியமரத்தடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

தளவாய் அவனை உதைத்து எழுப்பினார். "காவல்காரன் எங்கேடா?"

"பாறைமேலதான் சாமி. களஞ்சியம் இருக்கிறதா நான் நினைச்சுக்கிட்டேன். நான் இருக்கிறதா அது நினைச்சுக்கிடட்டும்."

பாளையக்காரர் முழுக்கதையையும் கேட்டார். "நெல் ஏதும் களவு போச்சா?"

"ஒரு மணி குறையலை மகாராஜா."

பாளையக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தம் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து தளவாயிடம் நீட்டினார். "களஞ்சியத்தைக் கட்டி முடிக்கிறவரைக்கும் நீரே காவல்."

தளவாய் வெற்றிலையைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார், கைநீட்டி வாங்கிக்கொண்டார்.

சடையாண்டி மேலே ஏறிப்போய்த் தலைப்பாகையை உதறிக் கட்டிக்கொண்டு, ஈட்டியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தான்.

"நெல்லு பத்திரம் சாமி!"