சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி

காயலான் கடையில் வாங்கி, மீன்காரி பவுனு தேற்றி எடுத்த பழைய புல்லட் வண்டி, சேர்மன் தணிகாசலத்தின் கண்ணில் பட்டுவிட்டது. அப்புறம் விடுவாரா? சந்தை நடுவிலேயே மறித்தார்.

“இது எங்கப்பா வண்டி. எவனோ திருடி வித்திருக்கான். எறங்கு!”

பவுனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூடையில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

“அடையாளம் இருக்குங்களா ஐயா?”

“இதுல இருக்கிற ஒவ்வொரு ஆணியும் எங்கப்பா அடிச்சது!”

“சீட்டுக்கு அடியில வெல்டிங் வச்ச பெட்டியுமா?”

“அதுவும்தான்!”

“நல்லதாப் போச்சு. சாராயம் கடத்துன பெட்டியான்னு போலீஸ் கேட்டா, உங்கப்பா பேரையே சொல்லிடறேன்.”

சேர்மன் அவசரமாகக் கையை ஆட்டினார். “எங்கப்பா வண்டியில பெட்டியே கிடையாது! இது வேற வண்டி!”

அதைச் சந்தையே கேட்டது. பவுனு சீட்டைத் தூக்கிப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே அவளுடைய தராசு.

“போன வாரம் நான் வச்ச பெட்டிதாங்க. நகருங்க ஐயா, ஐஸ் உருகுது.”