புங்க மரத்து நடு இடம்

ஏரிக்கரைப் புங்க மரத்தில் ஏழு தவிட்டுக்குருவிகள் ஒரே கூட்டமாக இருந்தன. விடிந்தால் போதும், ஒரே கூச்சல்! சேர்ந்து இறங்கும். சேர்ந்து சருகைப் புரட்டும். பொழுது சாய்ந்தால் ஏழும் ஒரே கிளையில் வரிசையாக ஒட்டி உட்கார்ந்துவிடும். தட்டில் அடுக்கிய பணியாரம் மாதிரி, நடுவில் இடைவெளியே இருக்காது.

அந்த வரிசையில் நடு இடம் தலைவருக்கு. இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர். மழையும் படாது, காற்றும் படாது. தலைவர் பெயர் பூவாலன்.

வரிசையின் இடது ஓரத்தில் இருந்தவன் கூரலகன். ஓரம் என்றால் ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் ஊதல் காற்று. மூன்று மழைக்காலமாக அவனுடைய இடது சிறகு காயவே இல்லை.

ஒரு சாயங்காலம் மழை சாய்த்து அடித்தது. பக்கத்தில் ஒட்டியிருந்த அவன் பெண்சாதி சிலுப்பி மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏங்க, இன்னும் எத்தனை மழைக்கு இப்படி நனையிறது?"

"அண்ணனுக்கு அப்புறம் நான்தானே தலைவன்? கொஞ்சம் பொறு."

"அண்ணனுக்கு அப்புறமா! அவரு நெஞ்சைப் பாருங்க, புதுத் தவலை மாதிரி கிண்ணுன்னு இருக்கு. அவருக்கு முன்னாடி நாம உதிர்ந்துருவோம்!"

"அதுக்கு என்னை என்ன பண்ணச் சொல்ற?"

சிலுப்பி அலகை அவன் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"ஒண்ணும் பண்ண வேணாம். நாளைக்கு உங்க காவல். வரக்கூடாதது வந்தாலும் நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம்னுதான் சொல்றேன்."

கூரலகன் சட்டென்று தலையை விலக்கினான். "வாயைக் கழுவுடி!" என்றான். ஆனால் அவள் சொன்னது என்ன என்று அவன் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்துவிட்டது. அதுதான் அவனுக்கே பயமாக இருந்தது.

தவிட்டுக்குருவிகளின் காவல் எப்படி என்றால் இப்படித்தான். ஆறு பேர் கீழே இரை பொறுக்குவார்கள். ஒருவர் உச்சிக் கிளையில் உட்கார்ந்து, "இருக்கேன்! இருக்கேன்!" என்று விடாமல் குரல் கொடுப்பார். அந்தக் குரல் கேட்கிறவரைக்கும் கீழே யாரும் தலை தூக்க மாட்டார்கள். குரல் நின்றாலே ஆபத்து என்று அர்த்தம். வல்லூறைக் கண்டால், "புதருக்கு! புதருக்கு!" என்று கத்துவார். உடனே எல்லாரும் பக்கத்து உண்ணிப் புதருக்குள் பாய்ந்துவிடுவார்கள். முள்ளுக்குள் வல்லூறு வராது.

அந்த "இருக்கேன்" ஒரு நாளும் பொய்யானதில்லை. பொய்யாகும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

மறுநாள் காலை மழை விட்டது. ஈர மண்ணிலிருந்து ஈசல் பொங்கி வந்தது. குருவிகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை!

"ஐயோ, என் வாய் பத்தலையே!"

"தள்ளுங்கடி! எனக்கும் கொஞ்சம் விடுங்கடி!"

பூவாலன் மற்றவர்களைப் புதர் ஓரமாக விட்டுவிட்டு, வெட்டவெளியில் தூரமாய் நின்று பொறுக்கினார். அது அவர் வழக்கம். பத்திரமான இடம் மற்றவர்களுக்கு, பயமான இடம் தலைவருக்கு.

உச்சிக் கிளையில் கூரலகன். "இருக்கேன்! இருக்கேன்!"

அப்போது எதிர்க்கரைப் பனையிலிருந்து ஒன்று கிளம்பியது. வல்லூறு! தண்ணீரை ஒட்டித் தாழ்ந்து வந்தது. சத்தமே இல்லை. நேராகப் பூவாலனைப் பார்த்து வந்தது.

"புதருக்கு" என்ற சொல் கூரலகனின் தொண்டைக்கு வந்துவிட்டது. அலகும் திறந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து இடது சிறகிலிருந்து ஒரு சொட்டு நீர் அவன் கால்மேல் விழுந்தது. கீழே பார்த்தான். எல்லாத் தலையும் குனிந்திருந்தது. சிலுப்பி மட்டும் நிமிர்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூவாலனுக்கு என்னவோ போல் இருந்திருக்க வேண்டும். பாதி தலையைத் தூக்கினார்.

"இருக்கேன்!" என்றான் கூரலகன். "இருக்கேன்! இருக்கேன்!"

சரி, தம்பி இருக்கிறான் என்று பூவாலன் மறுபடி குனிந்தார்.

அவ்வளவுதான். ஒரு நிழல் விழுந்தது. ஒரு வால் இறகு மட்டும் சேற்றில் கிடந்தது.

"ஐயோ! வெயில் கண்ணுல அடிச்சிருச்சே! நான் பார்க்கலையே!" என்று கூரலகன் கத்தினான். கூட்டமே அலறியது. பூவாலனின் பெண்சாதி பொன்னிமை ஓடிவந்து அந்த இறகை அலகால் எடுத்தாள். பிறகு கூரலகனைப் பார்த்தாள். அவன் முகத்தைச் சிறகுக்குள் புதைத்துக்கொண்டான்.

"அழாதீங்க தம்பி," என்றாள் அவள். "நீங்க காவல்ல இருந்தும் வந்திருச்சுன்னா, அது எங்க நேரம். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் அவனைத் திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சாயங்காலம் கூரலகன் தலைவனானான். "நடுவுல உட்காருங்க அண்ணே!" என்று எல்லாரும் வழிவிட்டார்கள். மூன்று மழைக்காலம் காத்திருந்த இடம்! உட்கார்ந்தான்.

வலது பக்கம் கதகதப்பாக இருந்தது. இடது பக்கம் ஊதல் அடித்தது.

எண்ணிப் பார்த்தான். வலது பக்கம் மூன்று பேர். இடது பக்கம் இரண்டே பேர்.

"ஒருத்தர் இந்தப் பக்கம் வாங்க!" என்றான். ஒருத்தி வந்தாள். இப்போது வலது பக்கம் இரண்டு. அந்தப் பக்கம் ஊதல் அடித்தது.

"என்னங்க, தொட்டில்ல கிடக்கிற பிள்ளை மாதிரி புரண்டுக்கிட்டே இருக்கீங்க!" என்று சிலுப்பி சிடுசிடுத்தாள்.

"நடுவுல இல்லடி நான்!"

"நடுவுலதான் இருக்கீங்க!"

"ஆறு பேர்ல நடு எதுடி? ஏழு பேர் இருந்தாத்தானே நடு?"

அந்த ஏழாவது ஆளின் பெயரைச் சொல்ல இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை.

மறுநாள் எல்லாரும் இரைக்கு இறங்கினார்கள். மேலே காவல் குரல் கேட்டது. "இருக்கேன்! இருக்கேன்!" கூரலகன் ஒரு கொழுத்த புழுவைப் பார்த்தான். கொத்தக் குனிந்தான். பாதியில் கழுத்து தானாக நிமிர்ந்துவிட்டது. வானத்தைப் பார்த்தான். ஒன்றும் இல்லை. மறுபடி குனிந்தான். மறுபடி நிமிர்ந்தது. அதற்குள் புழு மண்ணுக்குள் போய்விட்டது.

"இருக்கேன்! இருக்கேன்!"

அந்தச் சொல் கேட்கிறபோதுதான் அவனுக்கு அதிகமாக நடுங்கியது. வல்லூறு தலைக்கு மேல் வரும்போதும் அதே சொல்லைச் சொல்ல முடியும். அது அவனுக்குத் தெரியும். அவன்தானே சொன்னான்!

அடிமரத்தில் ஓர் ஓணான் உட்கார்ந்து அவனைப் பார்த்துத் தலையாட்டியது.

"என்ன தலையாட்டுற? நீ என்ன பார்த்த?" என்று கூரலகன் பாய்ந்தான்.

"நானா? பிறந்ததுலேருந்து இப்படித்தான் ஆட்டுறேன்! உனக்கு என்ன ஆச்சு?" என்றது ஓணான். சொல்லிவிட்டு மறுபடியும் ஆட்டியது.

அடுத்த முறை காவல் சிலுப்பிக்கு. அவள் உச்சிக் கிளைக்குப் பறக்கப் போனாள். கூரலகன் குறுக்கே வந்து நின்றான்.

"நீ காவலுக்குப் போக வேணாம்."

"ஏன்? நான் நல்லாத்தானே பார்ப்பேன்?"

"நீ மேல இருந்தா நான் கீழ இறங்க மாட்டேன்."

"என்னையுமா நம்பல?"

"உன்னைத்தான் நம்பல!"

சிலுப்பி அதற்கு அழவில்லை, கத்தவில்லை. "நானும் உங்க காவல்ல குனிஞ்சு ஒரு வாய் தின்னு எத்தனை நாளாச்சு தெரியுமா?" என்றாள். அன்றிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் ஒட்டி உட்காரவில்லை.

பத்து நாளில் கூரலகன் துடைப்பக்குச்சி மாதிரி இளைத்துவிட்டான். அவனைச் சுற்றி இரை நெளிந்தது. தலைவன் என்று எல்லாரும் நல்ல இடத்தை விட்டுக்கொடுத்தார்கள். என்ன பிரயோசனம்? ஒரு வாய் இரைக்கு ஒரு தரம் குனிய வேண்டும். அந்த ஒரு குனிதல்தான் அவனால் முடியவில்லை.

ஒரு நாள் பொன்னிமை ஒரு பச்சைப் புழுவைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்க தம்பி. இப்படிக் கிடந்தா எப்படி?"

"எனக்கு எதுக்கு நீங்க கொண்டுவர்றீங்க?" கூரலகன் பின்னால் நகர்ந்தான்.

"அவரு இருந்தாலும் கொடுத்திருப்பாரு. அன்னைக்குக் காலையிலகூட உங்களைப் பத்தித்தான் பேசினாரு. 'கூரலகன் ரொம்ப நனையிறான். இன்னைக்குச் சாயங்காலம் அவனை நடுவுல உட்கார வச்சிட்டு நான் ஓரத்துக்குப் போறேன்'னாரு. அதுக்குள்ள இப்படி ஆயிருச்சு."

ஒரு சாயங்காலம்! ஒரே ஒரு சாயங்காலம் பொறுத்திருந்தால் போதும்! அழுகை வந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கூரலகன் அலகைத் திறந்தான். அதற்குள் இன்னொரு நினைப்பு வந்து மிதித்தது. 'இவள் ஏன் இதை இன்றைக்குச் சொல்கிறாள்? இவளுக்குத் தெரிந்துவிட்டதோ? என் வாயைக் கிளறுகிறாளோ?'

அலகை மூடிக்கொண்டான். புழு ஊர்ந்து போய்விட்டது.

"சரி, இன்னைக்கு என் காவல். நீங்க தைரியமா இறங்குங்க. நான் பார்த்துக்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் பொன்னிமை உச்சிக் கிளைக்குப் பறந்தாள்.

'நான் பார்த்துக்கிறேன் என்றாளே! எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறாள்?'

பசி வயிற்றைப் பிடுங்கியது. கூரலகன் இறங்கினான். தலைவனாச்சே, வெட்டவெளியில்தான் நிற்க வேண்டும். பூவாலன் நின்ற அதே இடம். மண் காய்ந்து வெடித்திருந்தது.

"இருக்கேன்! இருக்கேன்!" பொன்னிமையின் குரல் தெளிவாகக் கேட்டது.

கூரலகன் குனியவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். முதுகுப் பக்கம் ஏரி இருந்தது.

திடீரென்று குரல் மாறியது.

"புதருக்கு! புதருக்கு! வல்லூறு!"

நான்கு குருவிகளும் உண்ணிப் புதருக்குள் பாய்ந்தன. கூரலகன் மட்டும் அசையவில்லை.

"தம்பி, பின்னாடி வருது! திரும்பிப் பார்க்காதீங்க! புதருக்குள்ள ஓடுங்க!" பொன்னிமை தொண்டை கிழியக் கத்தினாள்.

'தெரிந்துவிட்டது!' என்று கூரலகனுக்குத் தோன்றியது. 'புதரில் பாம்பு இருக்கும். என்னை உள்ளே துரத்தப் பார்க்கிறாள். நான் இவள் புருஷனுக்குச் செய்ததை இவள் எனக்குச் செய்கிறாள்!'

"ஏங்க! வாங்க! இங்க ஒண்ணும் இல்ல!" என்று புதருக்குள்ளிருந்து சிலுப்பி கதறினாள்.

"நீயும் கூட்டா?" என்றான் கூரலகன். "பொய்! எல்லாம் பொய்!"

புதருக்கு நேர் எதிராக, ஏரிப் பக்கம் திரும்பிப் பறந்தான். வல்லூறு தேடிப் போக வேண்டிய வேலையே இல்லை. இரை தானாக அதன் கால் நகத்துக்குள் வந்து விழுந்தது!

புதருக்குள் பாம்பும் இல்லை, பல்லியும் இல்லை. உண்ணிப் பூதான் நாலு உதிர்ந்து கிடந்தது.

பொன்னிமை இறங்கி வந்தாள்.

"நான் கத்தினேனே! எல்லாருக்கும் கேட்டுச்சே! தம்பி ஏன் வரல?"

அது சிலுப்பிக்கு மட்டும் தெரியும். அவள் தரையைப் பார்த்தபடி முழுவதையும் சொன்னாள். மழையில் நனைந்தது, காதில் ஓதியது, தான் நிமிர்ந்து பார்த்தது, அந்த "இருக்கேன்". ஒன்றையும் விடவில்லை.

பொன்னிமை அவளைக் கொத்தவில்லை. திட்டவும் இல்லை. கூட்டிலிருந்து அந்த வால் இறகை எடுத்துவந்து சிலுப்பியின் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

பொழுது சாய்ந்தது. ஐந்து குருவிகளும் கிளையில் உட்கார்ந்தன. ஐந்து பேரில் நடு இருக்கிறது. அங்கே பொன்னிமையை உட்காரச் சொன்னார்கள். சிலுப்பி யாரும் சொல்லாமலே இடது ஓரத்துக்குப் போனாள். யாரும் வா என்று கூப்பிடவில்லை. போ என்று விரட்டவும் இல்லை. மழை தூற ஆரம்பித்தது. அவளுடைய இடது சிறகு மெல்ல நனைந்தது.

நம்பியவரை ஏமாற்றி ஓர் இடத்தைப் பிடிக்கிறவன், அதற்கப்புறம் தன்னைக் காப்பாற்ற வரும் உண்மையைக்கூட நம்ப முடியாமல் தானே அழிந்துபோவான்.