மணலோடு விதைத்த கொழிஞ்சி

நாயனக்காரர் கோவிந்தவேலுவுக்கு அறுபது வயசு. போன ஆடித் திருவிழாவில், அம்மன் தேர் அதன் நிலையான தேர்முட்டியில் நிற்க, உச்சஸ்தாயியில் அவர் நாயனம் பிசிறிக் கிறீச்சிட்டது. ஊரே கைகொட்டிச் சிரித்தது. அதிலும் நாட்டாண்மை ஆபத்சகாயம் இருக்கிறாரே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு உறையில் போட்ட நாயனம்தான். பங்குனி முடியும்போது மனுஷர் பரிபூரணத்தம்மாள் மடத்துக்கு வந்து சேர்ந்தார். அம்மாளுக்கு இவரைவிட இருபது வயசு குறைவு. அதனால் என்ன, குரு குருதானே?

"அம்மா, இந்த மனக்காயம் ஆறணும். ஆறினாத்தான் நாயனத்தைத் தொடுவேன். வர்ற ஆடிக்கும் வாசிக்கலேன்னா எங்கப்பா காலத்துக் கோயில் உரிமை வேற கைக்குப் போயிடும்."

அம்மாள் ஒரு கூடை கொழிஞ்சி விதையைக் காட்டினாள். "மடத்துக் கட்டாந்தரையில விதைச்சு வையும். பூத்ததும் மடக்கி உழுதா மண்ணுக்கு உரம். முதல்ல முளைக்கட்டும், அப்புறம் பேசுவோம்."

கோவிந்தவேலு பாதி விதையை எடுத்து, ஒன்றுக்கும் நோகாமல் பூப்போலத் தூவினார். சித்திரை மழை கொட்டித் தீர்த்தது. கண்ட கண்ட புல்லெல்லாம் முளைத்தது. கொழிஞ்சி மட்டும், ஊஹூம்!

"சொத்தை விதையைக் கொடுத்துட்டீங்களே அம்மா!"

அம்மாள் மிச்ச விதையை உரலில் கொட்டினாள். கூடவே ஆற்றுமணலையும் அள்ளிப் போட்டு, உலக்கையை அவர் கையில் கொடுத்தாள்.

"ஐயையோ, நசுங்கிடுமே!"

"நசுக்கச் சொன்னது யாரு? மெள்ளக் குத்தும். இதுக்குக் கல்லுத்தோல், நாயனக்காரரே. கீறல் விழாம உள்ளே தண்ணி போகாது."

பல்லைக் கடித்துக்கொண்டு குத்தினார். மணலும் விதையுமாக அள்ளித் தூவினார். அடுத்த மழைக்குக் கட்டாந்தரை முழுக்கப் பச்சை பிடித்துவிட்டது! கோவிந்தவேலு அதைப் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம், யாரும் சொல்லாமலே நாயனத்தை எடுத்து, வாயில் வைத்து ஊதும் சீவாளியை நனைத்தார்.

ஆடி பிறந்தபோது மடத்து நிலமெல்லாம் ஊதாப்பூ. தேர்முட்டியில் கோவிந்தவேலு தோடியை எடுத்தார். போன வருஷம் பிசிறிய அதே உச்சிக்குப் போனார். நின்றார். இறங்க மனசே இல்லாமல் நின்றார். தவில்காரர் வாயைப் பிளந்தார். ஊரே எழுந்து நின்றது. அடேயப்பா, என்ன கைதட்டல்! அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பொன்னாடையோடு வந்தார் ஆபத்சகாயம்.

கோவிந்தவேலுவின் முகம் சுண்டிப்போயிற்று. பக்கத்தில் நின்ற அம்மாளிடம் குனிந்தார். "முதல்ல சிரிச்சதே இந்த ஆள்தான். இவர் கையாலயா நான் வாங்கணும்?"

"விதைக்கறப்போ, கீறிவிட்ட மணலைப் புடைச்சுத் தள்ளிட்டா விதைச்சீர்?"

கோவிந்தவேலு சிரித்தபடி பொன்னாடைக்குத் தோளைக் காட்டினார்.