செலின் தொடாத கணவாய்

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பின்னால் மெஸ் நடத்தும் இஞ்ஞாசியிடம் சமையல் கற்க வந்தவர் கிளாரன்ஸ். அவளைவிட மூத்தவர், ஆனாலும் வாய் நிறைய "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். மனுஷனுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. தரிக்கும்படியாகவா இருந்தது நிலைமை? மனைவி செலினுக்குப் பெரிய ஆபரேஷன் முடிந்திருந்தது. எடை ஏறாவிட்டால் அடுத்த சிகிச்சை கிடையாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கணவாய் மீனின் ஓடு உருவி, மைப்பை உடையாமல் எடுக்க அவருக்குக் கை பழகிவிட்டது. சட்டியில் வதங்கியதும் இறக்க வேண்டும், இல்லையென்றால் நன்றாகக் குழைய வேகவிட வேண்டும், நடுவில் இறக்கினால் ரப்பர். அதுவும் பிடிபட்டுவிட்டது.

அன்றைக்குத் தூக்குவாளியோடு வந்து நின்றார். திறந்தால், செலினுக்குக் கொண்டுபோன கணவாய்த் தொக்கு அப்படியே இருந்தது.

"இன்னைக்கும் ரெண்டு வாய்தான் மாஸ்டர்."

இஞ்ஞாசி ஒரு துண்டை வாயில் போட்டாள். "நல்லாத்தானண்ணே வெந்திருக்கு!"

"பின்ன ஏன் திங்க மாட்டேங்கா? மிளகு கூடிப்போச்சா? தேங்காப்பால் ஊத்தட்டுமா? இதுல அவ்வளவு புரதம், இரும்புச்சத்து வேற. எல்லாத்தையும் சொல்லிச் சொல்லிப் பக்கத்துலயே நிக்கேன். எனக்குப் பயமா இருக்கு மாஸ்டர்."

"உக்காருங்க."

உட்காரவில்லை. தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். சோறு போட்டு, அதே தொக்கை வைத்தாள். பிறகு இடுப்பில் கையை ஊன்றி, அவர் தலைக்கு மேலேயே நின்றாள்.

"சாப்பிடுங்க. புரதம்."

ஒரு வாய் எடுத்தார்.

"இன்னொரு வாய். இரும்புச்சத்து. நல்லா மெல்லுங்க. அந்தத் துண்டை ஏன் ஒதுக்குறீங்க? அதையும் எடுங்க."

சோறு தொண்டையில் சிக்கியது. மடக்மடக்கென்று தண்ணீர் குடித்தார்.

"ஏம்மா, இப்படித் தலைக்கு மேல நின்னா மனுஷன் எப்படித் திங்க?" என்று எரிந்து விழுந்தார்.

இஞ்ஞாசி தனக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். காலையில் நண்டுக்காரனோடு போட்ட சண்டையைச் சொன்னாள். "தராசைப் பாருய்யான்னா, என் மூஞ்சியப் பாக்கான், கரிமுடிவான்!" கிளாரன்ஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குனிந்து பார்த்தால் தட்டு காலி.

"அது சரி மாஸ்டர், செலினுக்கு நான் என்னதான் செய்ய?"

"நீங்க எங்க வச்சுண்ணே சாப்பிடுவீங்க?"

"நானா? அவ தூங்கினப்பொறவு, அடுப்படியில நின்னமேனிக்கு..." என்று ஆரம்பித்த கிளாரன்ஸ், பாதியிலேயே எழுந்து தூக்குவாளியை எடுத்தார். "ரெண்டு பேருக்குச் சோறு கட்டுங்க மாஸ்டர், நானும் அவ கூடவே உக்காந்து திங்கேன்."