நாக்குக்குத் தெரிந்த ஒரே வார்த்தை

ஓர் ஊரில் ஓர் இதயம் இருந்தது. ஊர் என்றால் வேறெங்கும் இல்லை, தென்காசிப் பக்கம் பரோட்டாக் கடை வைத்திருந்த பரஞ்சோதியின் நெஞ்சுதான். நாற்பத்தாறு வருஷமாக ஒரு நாள் லீவு எடுக்காத உழைப்பாளி அது. அதற்குச் சோறு கொண்டுவரும் ரத்தக்குழாய் ஒருநாள் மூச்சு வாங்கியபடி வந்து சொன்னது: "அண்ணே, உள்ளே கொழுப்பு படிஞ்சு வழி நூலாப் போச்சு. ரொம்ப நாள் தாங்காது. வீட்டுக்காரர் காதுல போட்டுடுங்க."

இதயம் பதறிப்போனது. அதற்கு வாய் கிடையாது. அதனால் இடக்கையைத் தூது அனுப்பியது. கை தினமும் வலித்துக் காட்டியது. "மாவு வீசின வலி" என்று பரஞ்சோதி தினமும் தைலம் தேய்த்துக்கொண்டான். அடுத்துத் தாடை தூது போனது. அதற்கு ஒரு கிராம்பு கிடைத்தது.

இப்படியே பத்து நாள் ஓடிவிட்டது. பதினோராம் நாள் இதயம் இருப்புக்கொள்ளாமல் நாக்கிடமே போய் நின்றது. "பேசத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். எனக்காக ஒரு வார்த்தை சொல்லுப்பா!"

"இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றது நாக்கு. நெஞ்சில் எது நடந்தாலும் அதற்குத் தெரிந்தது ஒரே வார்த்தை.

"கேஸு மாதிரி இருக்கு" என்றான் பரஞ்சோதி, மனைவி செண்பகத்திடம்.

"சட்டையெல்லாம் வேர்த்து நனைஞ்சிருக்கே. ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்திருவோமே."

"கேஸுக்குப் போயி எவம்ட்டி ஆஸ்பத்திரிக்குப் போவான்? ஒரு சோடா உடைச்சுக் கொடு."

'அவ பேச்சைக் கேளுடா!' என்று இதயம் துடித்தது. சோடா உள்ளே போனதும் வயிறு ஒரு பெரிய ஏப்பத்தை மேலே அனுப்பியது. பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது.

"பாத்தியா? நான் சொல்லல?" பரஞ்சோதி சிரித்தான். செண்பகமும் சிரித்துவிட்டாள். நாக்குக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் வழி முழுசாக அடைத்தது. பரஞ்சோதி பரோட்டாக் கல்லை நோக்கி நாலு எட்டு வைத்தான். ஐந்தாவது எட்டு வைக்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒன்றுபோலச் சொன்னார்கள்: "ஒரு நோய்நொடி கிடையாது. திடீர்னு போயிட்டாரே!"

குளிப்பாட்டத் தூக்கும் முன் செண்பகம் அவன் இடக்கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். பதினோரு நாள் தைலம் இன்னும் மணத்தது.