நாற்பது குதிரையும் திவானின் சிரிப்பும்

வேங்கைமலை சமஸ்தானத்தில் எஞ்சின் ஓட எண்ணெய் போதும். அரசாங்கம் ஓடத் திவான் கோதண்டபாணியின் சிரிப்பு வேண்டும். மகாராஜா பூபதிராயர் தினமும் தர்பாரில் இரண்டு விகடம் சொல்வார். திவான் தூண் அதிரச் சிரிப்பார். சிரித்தே திவானானவர் என்று சொல்வோரும் உண்டு. நமக்கெதற்கு வம்பு!

ஊருக்கெல்லாம் குடிநீர் இறைக்கும் பம்பு எஞ்சின், எஞ்சின் அதிகாரி சவரிமுத்துவின் பொறுப்பில் இருந்தது. அது சித்திரை மாதம். கிணறுகள் வற்றிக் கிடந்தன. பம்பு நின்றால் ஊரே நாவறண்டு போகும்.

இந்த நேரம் பார்த்துத் திவான் தர்பாரில் குழைந்தார்.

"மகாராஜா, தங்கள் மோட்டார் காரில் இருப்பதும் பம்பில் இருப்பதும் ஒரே கம்பெனியின் ஒரே எஞ்சின். காரின் தகட்டில் நாற்பது குதிரைசக்தி என்று போட்டிருக்கிறது. பம்பின் தகட்டில் இருபதுதான். மீதி இருபது குதிரையைச் சவரிமுத்து எங்கே கட்டிவைத்திருக்கிறாராம்?"

மகாராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். நந்தவனத்தில் முப்பதடி உயரத்துக்கு நீரூற்று எழும்ப வேண்டுமென்று அவருக்கு வெகுநாள் ஆசை.

"மகாராஜா, கார் அரண்மனை ஏற்றத்தில் நாலு நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறும்," என்றார் சவரிமுத்து. "அப்புறம் நாளெல்லாம் கொட்டகையில் தூங்கும். பம்பு விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை நிற்காமல் இழுக்கிறது. அதனால்தான் எஞ்சினின் வேகத் திருகைத் தளர்த்தி இருபதில் ஓட்டுகிறோம். நாற்பதுக்கு முடுக்கினால் ஒரே வாரத்தில் வால்வு எரிந்து, பேரிங் உருகிவிடும்."

"வேலை செய்ய மனமில்லாதவருக்குக் காரணமா கிடைக்காது?" என்றார் திவான்.

மகாராஜாவுக்கு அது மிகவும் புத்திசாலித்தனமாகப் பட்டது. "நாளைச் சாயங்காலத்துக்குள் நாற்பது. இல்லாவிட்டால் உமக்குப் பதில் வேறு ஆள்."

சவரிமுத்து மனதுக்குள் கணக்குப் போட்டார். வேலை போனால் போகட்டும். அடுத்து வருகிறவன் கண்ணை மூடிக்கொண்டு திருகை முடுக்குவானே! ஒரு வாரம் நீரூற்று ஆடும். பிறகு ஊர்ப் பெண்கள் காலிக் குடத்தோடு நிற்பார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

"உத்தரவு, மகாராஜா. ஒரே ஒரு விண்ணப்பம். முழு சக்தியில் ஓடுகிற ஒன்றை நாள் முழுக்கக் காதால் கேட்டால்தான் எனக்குக் கை பழகும். நாளை மகாராஜா பம்பு கொட்டகைக்கு எழுந்தருளி விகடம் சொல்ல வேண்டும். திவான் அவர்கள் ஒவ்வொன்றுக்கும் தர்பாரில் சிரிப்பது போலவே சிரிக்க வேண்டும். துளி குறையக் கூடாது."

மகாராஜாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இதுவரை சொல்லாத விகடங்களே அவரிடம் இருநூறு இருந்தன.

மறுநாள் காலை முதல் விகடத்துக்குத் திவான் சிரித்த சிரிப்பில் கொட்டகைக் கூரையிலிருந்த காக்கைகள் பறந்தன. பத்து மணிக்கு அங்கவஸ்திரத்தால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். உச்சிவேளையில் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கொஞ்சம் இறங்குகிறதே, சுவாமி," என்றார் சவரிமுத்து, ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு.

மூன்று மணிக்கு மகாராஜா, தாமே இயற்றிய தமக்குப் பிடித்தமான விகடத்தை எடுத்துவிட்டார். திவான் வாயைத் திறந்தார். கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. பிறகு கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"என்ன ஐயா இது!" மகாராஜாவின் முகம் சிவந்தது. "என் விகடத்துக்கு அழுகிறீரா?"

"கோபம் வேண்டாம், மகாராஜா," என்று சவரிமுத்து குறுக்கிட்டார். "தர்பார் ஏற்றத்துக்குத் திவான் அவர்கள் அருமையான எஞ்சின். இன்றைக்கு அவரைப் பம்பில் பூட்டிவிட்டோம். எஞ்சின் ஒரு வாரம் தாங்கும் என்றேன். இவர் மூன்று மணிவரை தாங்கினார்."

பின்னால் பம்பு காலையில் ஓடியது போலவே ஓடிக்கொண்டிருந்தது.

"திருகை முடுக்கினீரா?"

"தொடவே இல்லை, மகாராஜா. கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்."

மகாராஜா பம்பைப் பார்த்தார். திவானைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சவரிமுத்துவிடம் கொடுத்தார்.

"தகடு இருபதாகவே இருக்கட்டும். நீரூற்றும் வேண்டாம். அது சரி, திவானுக்கு ஒரு தகடு அடித்தால் அதில் என்ன எழுதுவீர்?"

"நாளுக்கு இரண்டு விகடம், மகாராஜா. விகடம் நன்றாக இருந்தால் பத்துவரை தாங்குவார்."